ஸ்னோமொபைலை உருவாக்கியவர்களும் அதில் பந்தயம் ஓட்டியவர்களும்

கேள்வி இது: "ஃபார்முலா 1 வீரர் ஜில் வில்நெவ், ஃபெராரிக்கு வருவதற்கு முன்னால் கனடாவில் ஸ்னோமொபைல் ரேஸ் ஓட்டினார் என்று படித்தேன். உண்மையா? அந்த வண்டியை முதலில் செய்தது யார்? ஆரம்ப காலத்தில் அதில் பெயர் எடுத்தவர்கள் யார்?"

உண்மைதான். சும்மா பொழுதுபோக்குக்கு ஓட்டியவர் இல்லை அவர். 1974-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஈகிள் ரிவர் என்ற ஊரில் நடந்த உலகச் சாம்பியன் பந்தயத்தையே வென்றவர். அவருடைய கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் இரண்டாவது கேள்வி. அதற்கு எல்லோரும் "பாம்பார்டியர்" என்று ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பனிமேல் ஓடும் இந்தச் சிறிய மோட்டார் வண்டி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பட்டறைகளில், வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தது. ஒவ்வொரு பட்டறையிலும் பெயர் வாங்கிய ஒருவர் இருந்தார், கையில் கிரீஸ் படிய வேலை செய்த இன்னும் சிலரும் இருந்தார்கள். பட்டறையிலிருந்து வெளியே வந்தபோது அது ஆமை வேகத்தில் ஊர்கிற, மேடு பள்ளத்தில் முதுகை முறிக்கிற இயந்திரம். இன்று நாம் பார்க்கும் வண்டியாக அது மாறியதில் பாதிப் பங்கு பந்தயக்காரர்களுடையது.

அது என்ன அவ்வளவு கஷ்டமான வேலை என்று கேட்கலாம். காருக்கு எஞ்சின் வந்து எத்தனையோ வருடங்கள் ஆன பிறகும் பனியில் ஓடும் சிறிய வண்டி ஏன் வரவில்லை? இறுகாத புதுப்பனியில் சக்கரம் புதைந்துவிடும். அதனால் எடையை அகலமாகப் பரப்ப வேண்டும். முன்னால் திருப்புவதற்கு ஸ்கீ, அதாவது நீளமான சறுக்குப் பலகை, பின்னால் உந்தித் தள்ள ஒரு சுற்றும் பட்டை, அதாவது ட்ராக். இது வரைக்கும் பலருக்கும் தோன்றியது. சிக்கல் அடுத்த படியில் வரும். ட்ராக்கைச் சுற்றும் பல்சக்கரத்துக்குள் பனி போய் அடைத்துக்கொள்ளும், அடைத்தது உறைந்து கல்லாகும், ட்ராக் பல்லை விட்டுக் கழன்றுவிடும். இதைச் சமாளிக்க இரும்பைக் கனமாகப் போட்டால் வண்டியே புதையும். குறைந்த எடையில் போதுமான குதிரைத்திறன் தரும் எஞ்சின் அன்று எளிதில் கிடைக்கவும் இல்லை. ஐம்பது வருட முயற்சி என்பது இந்த இரண்டு முடிச்சுகளை அவிழ்த்த கதைதான்.

ஆரம்பத்தில் எல்லோரும் காரையே பனிக்குப் பழக்கப் பார்த்தார்கள். ரஷ்யாவில் ஜார் மன்னரின் கார்களைப் பராமரித்த பிரெஞ்சுக்காரர் அடால்ஃப் கெக்ரெஸ், பின்சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை மாட்டிப் பார்த்தார். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மேற்கு ஒசிப்பி என்ற ஊரில் ஃபோர்டு கார் விற்றுக்கொண்டிருந்த வர்ஜில் வைட், மாடல் டி காரில் முன்னால் ஸ்கீயும் பின்னால் பட்டையும் மாட்டும் ஒரு தொகுப்பை உருவாக்கி 1917-ல் காப்புரிமை வாங்கினார். கிராமத்து டாக்டர்களும் தபால்காரர்களும் அதை வாங்கிப் பயன்படுத்தினார்கள். நல்ல வேலைதான். ஆனால் பனி மூடிய சாலையில்தான் அது ஓடும். காட்டுக்குள் போகாது.

காட்டுக்குள் போகும் வண்டி, நடக்கச் சிரமப்பட்ட ஒருவரிடமிருந்து வந்தது. விஸ்கான்சினில் செய்னர் என்ற சின்ன ஊரில் கடை வைத்திருந்தவர் கார்ல் எலியாசன். பாதம் ஒன்றில் குறை. பனிக்காலத்தில் நண்பர்கள் வேட்டைக்குக் கிளம்பினால் அவரால் ஈடுகொடுக்க முடியாது. கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் உட்கார்ந்து, 1924-ல் மோட்டார் வைத்த ஒரு மரச்சறுக்குப் பலகையைச் செய்து முடித்தார். அதில் இருந்த சாமான்களைக் கேளுங்கள்: படகில் மாட்டும் 2.5 குதிரைத்திறன் ஜான்சன் மோட்டார், சைக்கிள் பாகங்கள், மாடல் டி காரின் ரேடியேட்டரில் ஒரு துண்டு, முன்னால் இரண்டு ஸ்கீ, அவற்றைத் திருப்ப ஒரு கயிறு. நீளமான பலகைக்கு நடுவே மரக்கட்டைகள் பதித்த பட்டை சுற்றும், ஓட்டுபவர் பலகைமேல் உட்கார்ந்து கடிவாளம் பிடிப்பதுபோல் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். 1927-ல் காப்புரிமை கிடைத்தது.

அடுத்த பதினைந்து வருடங்களில் அவர் செய்தது சுமார் 40 வண்டிகள்தான். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. வாங்க வந்தவரின் தேவைக்கும் அந்த நேரம் கிடைத்த மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கும் ஏற்ப மாறும். பின்லாந்திலிருந்து 200 வண்டிகளுக்கு ஆர்டர் வந்தபோது, தன் கொட்டகையால் அது ஆகாது என்று புரிந்துகொண்டு, அதே மாநிலத்தில் கிளின்டன்வில் ஊரிலிருந்த எஃப்.டபிள்யூ.டி. என்ற லாரி கம்பெனிக்கு உரிமையை விற்றார். அந்தக் கம்பெனி பின்னர் அமெரிக்க ராணுவத்துக்காக, அலாஸ்காவில் ஓட்டுவதற்கு வெள்ளை நிறம் பூசி 150 வண்டிகள் செய்துகொடுத்தது. "ஒரே ஆள் ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் போகலாம்" என்பதை முதலில் நடத்திக் காட்டியவர் எலியாசன்தான் என்பது என் கருத்து. பாம்பார்டியரின் சிறிய வண்டி வர இன்னும் 35 வருடங்கள் இருந்தன.

இனி பாம்பார்டியர். முழுப்பெயர் ஜோசப்-அர்மான் பாம்பார்டியர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற ஊரைச் சேர்ந்தவர், பிறந்தது 1907. டெல்லி மெட்ரோவில் போனவர்கள் ரயில் பெட்டியில் இந்தப் பெயரைப் பார்த்திருக்கலாம். அதே கம்பெனிதான், அதன் தொடக்கம் இந்தப் பனிவண்டிதான்.

1922 டிசம்பர் 31 அன்று, 15 வயதில், அப்பா கொடுத்த பழைய ஃபோர்டு எஞ்சினை ஒரு சறுக்குவண்டியில் ஏற்றி, பின்னால் விமானத்துக்குப் போல மரத்தாலான சுழல்விசிறி ஒன்றை மாட்டினான் பையன். தம்பி லெயோபோல்டு முன்னால் உட்கார்ந்து திருப்ப, அண்ணன் பின்னால் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள, ஊர்த்தெருவில் சத்தத்தோடு ஓடியது வண்டி. விசிறிக்கு எந்தத் தடுப்பும் கிடையாது. யாராவது குறுக்கே வந்திருந்தால் அன்றே ஒரு உயிர் போயிருக்கும். அப்பா பார்த்தார், உடனே பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். சரியான உத்தரவு. ஆனால் பையன் விடவில்லை. 19 வயதில் சொந்தமாக கராஜ் திறந்தான். கோடையில் கார் ரிப்பேர், குளிர்காலத்தில் பனிவண்டி முயற்சி என்று வருடங்கள் போயின.

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி வந்து முற்றிவிட்டது. ஆஸ்பத்திரி இருந்தது சுமார் 50 கி.மீ. தள்ளி ஷெர்புரூக்கில். பாதை முழுக்கப் பனி. கொண்டுபோக வழியில்லை, குழந்தை இறந்துபோனது. பனியில் ஓடும் வண்டிக்காகப் பத்து வருடம் உழைத்த ஒருவருக்கு இது நடந்தது. இதற்குமேல் நான் எதுவும் சேர்த்துச் சொல்லப்போவதில்லை. அடுத்த ஓரிரு ஆண்டுகளிலேயே அந்த முதல் முடிச்சை அவர் அவிழ்த்தார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தீர்வு ரப்பரில் இருந்தது. பல்சக்கரத்துக்கு ரப்பர் போர்த்தி, குறுக்கே இரும்புத் தகடுகள் பதித்த ரப்பர் ட்ராக்கை அதன்மேல் ஓடவிட்டார். ரப்பர் வளைந்து கொடுப்பதால் உள்ளே சேர்ந்த பனி இறுகி உறைவதற்குள் உதிர்ந்துவிடும். 1937-ல் இதற்குக் காப்புரிமை வந்தது. அதை வைத்து ஏழு பேர் உட்காரும் பி7, பிறகு பன்னிரண்டு பேருக்கான பி12 என்று வண்டிகள் வந்தன. இரண்டும் மூடிய வண்டிகள், பி12-ல் கப்பலில் இருப்பதுபோல் பக்கவாட்டில் வட்ட ஜன்னல்கள். டாக்டர்கள், தபால், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பாதிரியார்கள் எல்லோரும் அதில் போனார்கள். 1942-ல் கம்பெனி முறைப்படி பதிவானது. 1948-ல் கிராமச் சாலைகளிலும் பனியை அகற்ற வேண்டும் என்று கியூபெக் அரசு முடிவெடுத்ததும் பெரிய வண்டிகளின் விற்பனை படுத்துவிட்டது. சாலையில் பனி இல்லையென்றால் பனிவண்டி எதற்கு? அவர் சதுப்புநிலத்தில் ஓடும் டிராக்டர்கள் பக்கம் திரும்பித் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார். ஒரே ஆள் ஓட்டும் சிறிய வண்டி என்ற இளவயது ஆசை மட்டும் மனதில் இருந்தது.

1950-களின் கடைசியில் எடை குறைந்த சிறிய எஞ்சின்கள் சந்தைக்கு வந்தன. அதே நேரத்தில் அவருடைய மூத்த மகன் ஜெர்மேன், ஒட்டுப்போடாமல் ஒரே வளையமாக வார்க்கப்பட்ட ரப்பர் ட்ராக்கைச் செய்து முடித்தார். அப்பாவின் பெயருக்குப் பின்னால் மறைந்துபோன ஆள் இந்த ஜெர்மேன். அந்த ட்ராக் இல்லாமல் சிறிய வண்டி சாத்தியமே இல்லை. 1959-ல் ஸ்கி-டூ வெளிவந்தது. 7 குதிரைத்திறன், மரத்தாலான ஸ்கீ, மணிக்கு 40 கி.மீ. அளவில் வேகம். முதல் வண்டிகளில் ஒன்று ஒன்டாரியோவின் வடக்கே லான்ஸ்டவுன் ஹவுஸ் என்ற பழங்குடிக் குடியிருப்பில் ஊழியம் செய்த மோரிஸ் உய்மே என்ற பாதிரியாருக்குப் போனது. நாய்கள் இழுக்கும் வண்டியில் சுற்றிக்கொண்டிருந்தவர் அவர். முதல் பருவத்தில் விற்றவை 225. பாம்பார்டியர் 1964-ல் புற்றுநோயால் இறந்தார், வயது 56. தன் வண்டியில் பெரும் பந்தயங்கள் நடப்பதையோ லட்சக்கணக்கில் அது விற்பதையோ அவர் பார்க்கவில்லை.

மூன்றாவது பட்டறை எனக்கு மிகவும் பிடித்தது. மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய ரோசோ என்ற ஊர். எட்கர் ஹெட்டீன், அவர் தம்பி ஆலன், டேவிட் ஜான்சன் மூவரும் சேர்ந்து விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை நடத்தினார்கள். குளிர்காலத்தில் விவசாய வேலை இருக்காது, ஆர்டரும் இருக்காது. ஜான்சனுக்கோ பனியில் வேட்டைக் குடிசைக்கு நடந்துபோக அலுத்துவிட்டது. எட்கர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, 1955-56 குளிர்காலத்தில் ஜான்சனும் பட்டறை ஆட்களும் கிடைத்ததை வைத்து ஒரு வண்டியைக் கட்டினார்கள். தானிய மூட்டை ஏற்றும் கன்வேயரின் சங்கிலி ட்ராக் ஆனது. பழைய செவர்லே காரின் பம்பரை வளைத்து ஸ்கீ செய்தார்கள். எஞ்சின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். சவாரி செய்பவருக்குப் பின்னால் அது உறுமிக்கொண்டிருக்கும்.

எட்கர் திரும்பி வந்து பார்த்ததும் அவருக்கு வந்தது கோபம்தான். சம்பளம் போடவே பணம் தட்டுப்பாடாக இருக்கும்போது இரும்பையும் நேரத்தையும் இதில் கொட்டினீர்களா என்று. கடைசியில் அந்த வண்டிதான் சம்பளத்துக்கு வழி செய்தது. ஊரில் மரக்கடை வைத்திருந்த ஒருவர் அதை 465 டாலருக்கு வாங்கிக்கொண்டார். வேறொருவர் தனக்கும் ஒன்று கேட்டார். போலாரிஸ் கம்பெனியின் தொடக்கம் இதுதான். இதனால்தான் "போலாரிஸை நிறுவியவர் எட்கர் ஹெட்டீன்" என்ற வரியோடு யாராவது நிறுத்தினால் எனக்குக் குறையாகப் படுகிறது. வண்டியைக் கட்டியவர் டேவிட் ஜான்சன். தொண்ணூறைத் தாண்டி 2016-ல் இறந்த அவர், அந்தக் கம்பெனியோடும் ஊரோடும் கடைசிவரை இருந்தார்.

எட்கரின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வண்டியை யாரும் நம்பவில்லை, வீட்டைச் சுற்றி ஓட்டலாம், தூரப் பயணத்துக்கு ஆகாது என்றார்கள். 1960 மார்ச்சில் அவர் அலாஸ்காவுக்குப் போய், பெத்தெல் என்ற ஊரிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை ஏறத்தாழ 1,900 கி.மீ. தூரத்தை மூன்று வாரத்தில் ஸ்னோமொபைலிலேயே கடந்தார். கூட வந்தவர்கள் விமானி ரூடி பில்பெர்க், அவர் மனைவி பெஸ்ஸி, எர்லிங் ஃபால்க். பெஸ்ஸி பில்பெர்க் பெயரைப் பல கட்டுரைகளில் காணவே காணோம். உறைந்த ஆறுகள் மேல், சரிசெய்ய ஒரு கடை கூட இல்லாத வெளியில், அந்தப் பெண்ணும் அதே தூரத்தைத்தான் கடந்தார்.

ஊருக்குத் திரும்பிய எட்கருக்கு வரவேற்பு நன்றாக இல்லை. கம்பெனியில் பணம் போட்டவர்கள், நிர்வாகி இப்படி ஊர் சுற்றுவதை விரும்பவில்லை. அவர் தன் பங்கை விட்டு வெளியேறினார், பிறகு 100 கி.மீ.க்குச் சற்று அதிகமான தூரத்தில் தீஃப் ரிவர் ஃபால்ஸ் ஊரில் புதிதாக ஒரு கம்பெனி தொடங்கினார். அதுதான் ஆர்க்டிக் கேட். அண்ணன் ஆரம்பித்த இரண்டாவது கம்பெனியும் தம்பி இருந்த முதல் கம்பெனியும் அடுத்த பல வருடங்களுக்குப் பந்தயத் தடங்களில் மோதிக்கொண்டன. எஞ்சினைப் பின்னால் வைத்த போலாரிஸ் வண்டி கனமாகவும் மெதுவாகவும் இருந்தது. ஸ்கி-டூவிலும், விரைவிலேயே ஆர்க்டிக் கேட்டிலும் எஞ்சின் முன்னால் வந்தது. எது சரி என்று காகிதத்தில் விவாதித்து முடிவாகவில்லை, பந்தயத்தில் முடிவானது.

இதன் ஊடே வேறொரு பக்கமும் உண்டு. 1960-களில் கனடாவின் இனுயிட் பழங்குடி ஊர்களிலும் வடக்கு பின்லாந்தில் கலைமான் மேய்க்கும் சாமி என்ற பழங்குடி மக்களிடமும் இந்த வண்டி மிக வேகமாக நுழைந்தது. நாய்வண்டியும் கலைமான் வண்டியும் பத்தே வருடத்தில் ஓரங்கட்டப்பட்டன. நாய்க்கு மீன் போட்டால் போதும், இதற்குப் பெட்ரோலும் உதிரிபாகமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். காசு இருந்தவர் முன்னேறினார், இல்லாதவர் மந்தையை இழந்தார். வண்டியைக் கொண்டாடும்போது இதை ஒதுக்கிவிடக் கூடாது.

தூரப் பயணத்தில் உச்சம் ரால்ஃப் பிளெய்ஸ்டட். மினசோட்டாவில் இன்சூரன்ஸ் விற்றவர், துருவ ஆய்வுக்கும் அவருக்கும் முன்பின் தொடர்பில்லை. 1967-ல் வட துருவத்துக்குக் கிளம்பி, பனிக்கடல் வழிவிடாமல் பாதியில் திரும்பினார். அடுத்த வருடம் மார்ச் தொடக்கத்தில் கனடாவின் வடகோடியிலுள்ள வார்டு ஹன்ட் தீவிலிருந்து மறுபடி புறப்பட்டார். நேர்க்கோட்டில் துருவம் சுமார் 770 கி.மீ. ஆனால் கடல் பனியில் நேர்க்கோடு கிடையாது. பனித்தட்டுகள் ஒன்றோடொன்று மோதி வீட்டு உயரத்துக்குச் சுவராக எழும்பியிருக்கும், அதைக் கோடரியால் வெட்டி வழி செய்ய வேண்டும். திடீரென்று பனி பிளந்து கறுப்புத் தண்ணீர் தெரியும், அது மறுபடி உறையும்வரை காத்திருக்க வேண்டும். தூங்கி எழுவதற்குள் பனித்தட்டே நகர்ந்து, முன்னேறிய தூரத்தில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். 1968 ஏப்ரல் 19 அன்று நான்கு பேர் துருவத்தை அடைந்தார்கள்: பிளெய்ஸ்டட், மெக்கானிக் வால்ட் பெடர்சன், சூரியனின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியை வைத்து வழி கணித்த ஜெர்ரி பிட்ஸல், பாம்பார்டியரின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளையான ஜான்-லுக் பாம்பார்டியர். மறுநாள் மேலே பறந்த அமெரிக்க விமானப்படை விமானம் அவர்கள் நின்ற இடத்தை உறுதிசெய்தது.

1909-ல் துருவத்தை அடைந்ததாக அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பியரி சொன்னது இன்றுவரை சர்ச்சை. அதனால், தரைவழியே துருவத்தை அடைந்தது ஐயமில்லாமல் நிரூபிக்கப்பட்ட முதல் குழு பிளெய்ஸ்டட் குழுதான் என்று பலரும் ஏற்கிறார்கள். 16 குதிரைத்திறன் ஸ்கி-டூ வண்டிகளில் போன குழு அது. பெரிய ஆய்வாளர்கள் வரிசையில் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

பந்தயத்துக்கு வருவோம். 1964 பிப்ரவரி 9, ஈகிள் ரிவர் அருகே டாலர் லேக் என்ற உறைந்த ஏரி. அங்கிருந்த ஒரு விடுதிக்காரர்கள் குளிர்காலத்தில் ஆட்களை வரவழைக்கலாம் என்று நடத்திய போட்டிதான் பின்னாளில் உலகச் சாம்பியன் பந்தயமாக வளர்ந்தது. முதல் வருடம் வட்டத்தடம் எல்லாம் கிடையாது. காட்டுவழி ஓட்டம், மேடேறுதல் போன்ற போட்டிகள்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஊர்க்காரர்கள், வண்டி விற்பவர்கள். பக்கத்திலிருந்த கிராண்டன் ஊரைச் சேர்ந்த ஸ்டான் ஹேய்ஸ், போலாரிஸ் வண்டியில் முதல் சாம்பியன் ஆனார். அடுத்த சில வருடங்களில் வினிபெக்கிலிருந்து செயின்ட் பால் வரை எல்லை தாண்டி நாள்கணக்கில் ஓடும் பந்தயம், 1969-லிருந்து மிச்சிகனில் சூ செயின்ட் மரி ஊரில் ஒரு மைல் பனித்தடத்தில் 500 சுற்று ஓடும் பந்தயம் என்று வரிசையாக வந்தன. கடைசியாகச் சொன்னது இண்டியனாபொலிஸ் 500 கார் பந்தயத்தைப் பார்த்துத் தொடங்கியது.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த வண்டிக்குத் திங்கட்கிழமை கடையில் கூட்டம். சம்பளத்துக்கு ஓட்டும் வீரர்கள் வந்தார்கள். அவர்களில் முதல் பெரிய நட்சத்திரம் மாண்ட்ரியல் பக்கத்து லாசால் ஊரின் இவோன் துஹாமெல். குள்ளமான ஆள், பயம் என்பதே கிடையாது. கோடையில் கவாசாகி மோட்டார் சைக்கிள், குளிர்காலத்தில் ஸ்கி-டூ. 1968, 1969 இரண்டு வருடமும் அமெரிக்காவின் டேடோனா மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 250 சிசி பிரிவை யமஹாவில் வென்றவர், 1970-ல் ஈகிள் ரிவர் பட்டத்தையும் வென்றார். மோட்டார் சைக்கிளில் வளைவில் உடம்பைச் சாய்த்து வண்டியைப் பிடித்துத் திருப்பும் பழக்கத்தை அவர் பனிக்குக் கொண்டுவந்தார். உட்கார்ந்தபடி ஓட்டியவர்கள் மத்தியில் அவர் வண்டியின் ஒரு பக்கமாக முழு உடம்போடு தொங்குவார். அடுத்த இரண்டு வருடம் விஸ்கான்சினின் மைக் டிராப், யமஹாவில் தொடர்ந்து சாம்பியன். யமஹா இந்தத் தொழிலுக்கு வந்து சில வருடங்களே ஆகியிருந்தன.

ஓர் உறைபனித் தடத்தில் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்த்தால்தான் வில்நெவ் புரிவார். ஸ்கீக்கு அடியில் கூரான இரும்பு விளிம்பு, ட்ராக்கில் ஆணிகள். கொடி விழுந்ததும் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் பாயும். ஸ்கூட்டி ஓட்டியவர்களுக்குத் தெரிந்த கியரில்லாத பெல்ட் கிளட்ச்தான் இதிலும், அதனால் கியர் மாற்ற நேரம் போகாது, கைப்பிடியிலுள்ள ஆக்ஸிலரேட்டர் நெம்பை அழுத்தினால் முழு சக்தியும் உடனே ட்ராக்குக்கு. ஆணிகள் பனியைத் தூளாக்கி வீசும். முதலில் போகிறவருக்கு மட்டும்தான் தடம் தெரியும். பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளைப் புகைக்குள். முன்னால் போகும் எஞ்சினின் சத்தத்தையும், தடத்தைப் பற்றிய ஞாபகத்தையும் வைத்து மணிக்கு 150 கி.மீ. வேகத்தில் வளைவுக்குள் நுழைய வேண்டும். விழுந்தால் பின்னால் வருபவருக்கு நீங்கள் கண்ணில் படமாட்டீர்கள். உயிர்கள் போயின. ஆரம்ப காலத் தடங்களில் வைக்கோல் கட்டுகளைத் தவிரப் பெரிதாகப் பாதுகாப்பு இல்லை.

ஜில் வில்நெவ், 1950-ல் கியூபெக்கில் பிறந்தவர், வளர்ந்தது பெர்த்தியேவில் ஊரில். ஸ்கிரூல் என்ற கியூபெக் கம்பெனிக்கும், பிறகு அலூவெட் கம்பெனிக்கும் ஓட்டினார். 1974-ல் ஈகிள் ரிவரை வென்றது அலூவெட் வண்டியில். பனியில் சம்பாதித்ததுதான் கோடைக்காலக் கார் பந்தயத்துக்குச் செலவானது. பனியில் வருடத்துக்கு மூன்று நான்கு முறை மோசமாக விழுவதும், வழுக்கும் வண்டியைக் கட்டுப்படுத்துவதும், கண் தெரியாமல் ஓட்டுவதும் தனக்குப் பாடம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மழையில் கார் ஓட்ட அவர் கவலைப்படாததற்குக் காரணம் இதுதான். 1979-ல் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் கொட்டும் மழையில் நடந்த பயிற்சியில் மற்ற எல்லோரையும்விடப் பல நொடி முன்னால் இருந்தார். ஒரு சுற்றில் ஒரு நொடி முந்துவதே பெரிய விஷயமாக இருக்கும் விளையாட்டில் நடந்த கதை இது. அவருடைய ஆறு வெற்றிகளில் முதலாவது 1978 அக்டோபரில், நடுங்கும் குளிரில், சொந்த மண்ணான மாண்ட்ரியலில் கிடைத்தது.

அவரைப் பற்றிப் பேசுபவர்கள் துணிச்சலை மட்டுமே சொல்வார்கள். அவருக்கு ஸ்பானர் பிடிக்கவும் தெரியும். அன்றைய வண்டிகளில் ஒவ்வொரு ஸ்கீயும் லாரிக்குப் போடுவதுபோல் பட்டை ஸ்பிரிங்கில் உட்கார்ந்திருக்கும். மேடு வந்தால் வண்டி முழுதாகத் துள்ளும், ஸ்கீ தரையை விட்டுவிடும், திருப்ப முடியாது. வில்நெவ் பந்தயக் காரைப் பார்த்து, ஒவ்வொரு ஸ்கீயையும் இரண்டு இரும்புக் கைகள் தாங்கும் தனித்தனி சஸ்பென்ஷனை முன்னால் மாட்டி ஒரு வண்டி கட்டினார். இதே எண்ணத்தை ரோசோவில் இருந்த போலாரிஸின் பந்தயப் பட்டறை, பாப் ஈஸ்ட்மன் தலைமையில், 1976-77 பருவத்தில் ஆர்எக்ஸ்எல் என்ற வண்டியில் முழுமையாக்கியது. அந்த நீல நிற வண்டிகள் தடத்தில் மற்றவர்களைத் திணறடித்தன. 1980 மாடலில் அதே சஸ்பென்ஷன் கடையில் விற்கும் போலாரிஸ் இண்டிக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் சாதாரண மனிதர்கள் இடுப்புவலி இல்லாமல் நாள்முழுக்க ஓட்ட முடிந்தது. பந்தயக்காரர்களுக்குப் பாதிப் பங்கு என்று மேலே நான் சொன்னதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஈகிள் ரிவர் பட்டியலில் 1980, 1982, 1986 ஆண்டுகளில் "ஜாக் வில்நெவ்" என்று இருப்பது 1997-ல் ஃபார்முலா 1 பட்டம் வென்ற மகன் அல்ல. ஜில்லின் தம்பி, அதாவது அந்த மகனுக்குச் சித்தப்பா. ஸ்கி-டூவில் மூன்று முறை வென்றவர், 1985-ல் ரோடு அமெரிக்கா தடத்தில் இண்டிகார் பந்தயமும் வென்றவர்.

இவ்வளவு கூட்டமாக இருந்த தொழில் எங்கே போனது? 1970-71 பருவத்தில் வட அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான வண்டிகள் விற்றன. நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டுகள். புல்வெட்டும் மெஷின் செய்தவர்கள்கூட இறங்கினார்கள். பிறகு பனி குறைந்த வருடங்கள், 1973 எண்ணெய் நெருக்கடி, சத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் வந்த விதிகள் என்று அடுத்தடுத்து அடி. ஸ்கிரூல், அலூவெட் எல்லாம் காணாமல் போயின. ஆர்க்டிக் கேட் 1981-ல் திவாலாகி, சில வருடத்தில் மறுபடி எழுந்தது. பாம்பார்டியரின் மருமகன் லோரான் போதுவான் 1974-ல் மாண்ட்ரியல் மெட்ரோவுக்கு 423 பெட்டிகள் செய்யும் ஒப்பந்தத்தைப் பிடித்து, கம்பெனியை ரயில் பக்கம் திருப்பினார். டெல்லி மெட்ரோ வரை வந்தது அந்த வழியில்தான்.

இதில் ஆர்வம் வந்து அந்தப் பக்கம் போக நேர்ந்தால், எலியாசனின் 1924 வண்டியை செய்னரில் உள்ள வைலஸ் மாவட்ட வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். வால்கூரில் பாம்பார்டியர் அருங்காட்சியகத்தில் அவருடைய பழைய கராஜே இருக்கிறது. பந்தய வண்டிகளுக்கு விஸ்கான்சினில் செயின்ட் ஜெர்மேன் ஊரிலுள்ள ஸ்னோமொபைல் ஹால் ஆஃப் ஃபேம், வில்நெவுக்கு பெர்த்தியேவில் ஊரிலுள்ள அருங்காட்சியகம். ஈகிள் ரிவர் பந்தயம் இன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது, செய்னரிலிருந்து காரில் அரை மணி நேரம்தான்.